கூண்டுப் பறவையின் எச்சத்தையும் சோதியுங்கள்

வேலூர் மண்டலக் கால்நடைப் பராமரிப்புத் துறை இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊர் ஊராகப் போய்க் குடற்புழு மருந்து கொடுக்கிறீர்கள். அந்த அக்கறை எங்கள் வீடுகளில் வளரும் லவ் பேர்ட்ஸுக்கும் மொட்டை மாடிப் புறாக்களுக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

தோட்டப்பாளையத்தில் ஒரு வீட்டின் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கூண்டு தொங்குகிறது. அடித்தட்டில் தினை உமியும் எச்சமும் காய்ந்து கிடக்கின்றன. பறவை சிறகடிக்கும்போதெல்லாம் தூள் எழுகிறது. தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் பாசி. மாடி அறையில் வாடகைக்குத் தங்கும் வெளியூர் நோயாளிகள் அந்தப் படியில்தான் ஏறி இறங்குகிறார்கள். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள்! வைத்தியத்துக்கென்றே ஆட்கள் வந்து தங்கும் ஊர் இது. மற்ற ஊரில் சின்ன விஷயமாக இருப்பது இங்கே சின்ன விஷயமல்ல.

பறவைக் குடலின் உருண்டைப்புழு பொதுவாக மனிதரிடம் ஒட்டாது. அதைச் சொல்லி யாரையும் மிரட்ட வேண்டாம். அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாததற்கு. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியில் மெலியாகிரிடிஸ் என்ற இனம் பறவைகளையும் மனிதரையும் தொற்றக்கூடியது. திடமான உடம்புக்கு அது ஓரிரு வார வயிற்றுப்போக்கோடு போய்விடும். எதிர்ப்பாற்றல் குன்றியவரை மாதக்கணக்கில் வாட்டும், உயிருக்கே உலை வைக்கும். குடிநீரில் கலக்கும் குளோரினுக்கு அது எளிதில் சாவதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். காய்ந்த எச்சத் தூளில் சிட்டகோசிஸ் என்னும் நுரையீரல் நோயைத் தரும் பாக்டீரியாவும், புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் இருக்கலாம். இவை ஒட்டுண்ணிகள் அல்ல, ஆனால் மூச்சு வழியாக நுரையீரலுக்குப் போகின்றன.

இன்னொன்று என்னை மிகவும் வருத்துகிறது. புறா மெலிந்தால், மனிதர் சாப்பிடும் பூச்சி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொல்கிறார் ஒரு கடைக்காரர். அந்த மாத்திரையில் இருக்கும் அல்பெண்டசோல், கால்நடைக்குத் தரும் புழு மருந்தான ஃபென்பெண்டசோல் இரண்டுமே புறாவின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கக்கூடியவை. புழு சாவதற்கு முன் புறாவே செத்துவிடலாம். வளர்ப்பவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, கேட்க வேறு ஆளில்லை.

பறவைக்குப் புழு இருக்கிறதா என்று அறிய, எச்சத்தைச் செறிவான உப்புக் கரைசலில் கலக்கினால் பெரும்பாலான புழு முட்டைகள் மேலே மிதக்கும், நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை. கால்நடை மருத்துவமனையில் வாரம் ஒரு நாளைப் பறவைகளுக்கென்று ஒதுக்குங்கள். செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகள் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பதிவில்லாத கடைகளைப் பதிவு செய்ய வையுங்கள். மாநகராட்சியோடு சேர்ந்து, காந்தி ரோட்டு விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள்: கூண்டு படிக்கட்டில் வேண்டாம், எச்சத்தை நனைத்த பிறகே அள்ளுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதைத் தமிழோடு வங்காளத்திலும் இந்தியிலும் அச்சிடுங்கள். அங்கே தங்குபவர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

இப்படிக்கு,
புறா வளர்க்கும் வேலூர்வாசி ஒருவர்