வயிற்று வாரை இரண்டு தடவை இழு

அயனாவரம், சென்னை-23
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். வெயில் இன்னும் இறங்கவில்லை. மாடித் தொட்டியில் விரிசல் விட்டிருந்த இடத்தைக் கொத்தனார் பூசிவிட்டுப் போனார். ஆவடி அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்துவிட்டார்கள், உன்னைக் கேட்டாள். மற்ற சேதியெல்லாம் அம்மா போனில் சொல்வாள். நீ குதிரை வாங்கப்போகிற விஷயமாகத்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதமாக இருந்தால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். நுக்ரா இனம். பால் மாதிரி வெள்ளை. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுவதைப் பார்த்தால் மார்வாரிக் குதிரை ரத்தமும் இருக்கும் போலத் தெரிகிறது. நாலு வயசு, காயடிக்காதது. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். முடிச்சுழி எல்லாம் சுத்தம் என்று விற்கிறவர் சொன்னதாகவும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு அதைக் கொண்டுவருவதாகவும், நான் வந்து பார்த்துச் சொன்னால் அங்கேயே முடித்துவிடலாம் என்றும் சொன்னாய். வருகிறேன். சுழியும் பார்க்கிறேன், பல்லும் பார்க்கிறேன். பத்து வயசுக்கு மேல் என்றால் மேல்வரிசை ஓரப்பல்லில் ஈறு ஓரமாக ஒரு கோடு இறங்க ஆரம்பிக்கும், பதினைந்தில் பாதிப் பல்லுக்கு வரும். அதை வைத்து வயசைச் சொல்லிவிடலாம். ஆனால் குதிரைக்கு நெற்றியில் என்ன சுழி, கழுத்தில் என்ன சுழி என்று பார்க்கிற ஆட்கள், அதன்மேல் ஏறப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க மாட்டார்கள். அதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா" என்று விற்கிறவர் கேட்டாராம். "நல்லாவே தெரியும்" என்று நீ சொன்னாயாம். சவாரிப் பள்ளியில் எட்டு மாசம், வாரத்துக்கு இரண்டு நாள், நாளைக்கு ஒரு மணி நேரம். எழுபது மணி நேரம் வருமா? அந்த எழுபது மணி நேரத்தில் நீ உட்காரப் பழகியிருப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. முதுகு நேராக இருக்கிறது, குதிகால் கீழே இறங்கியிருக்கிறது, பார்வை குதிரையின் தலையில் இல்லாமல் தூரத்தில் இருக்கிறது. உன் வீடியோவை என்னோடு குதிரைப் போலீஸில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் காட்டினேன். "உங்க ரத்தம் சார்" என்றார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த வீடியோ வந்து மூன்று வாரம் ஆகிறது.

பாப்பா, பள்ளிக் குதிரை வேறு. அது வருஷக்கணக்கில் அதே மைதானத்தில், அதே நேரத்தில், முன்னால் போகிற குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தது. மாஸ்டர் "டிராட்" என்று வாயைத் திறந்தாலே உன் கால் படுவதற்கு முன்னால் அது டிராட் போகும், துள்ளு நடையாக. மேலே இருக்கிறவருக்குத் தான் ஓட்டுகிறோம் என்று தோன்றும். ஓட்டுவது குதிரை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீயே உன்னைக் கேட்டுப் பார்க்கத்தான்.

எத்தனை குதிரை மேல் ஏறியிருக்கிறாய்? ஒன்றா, இரண்டா? கூட்டத்தை விட்டுத் தனியாக, கேட்டைத் தாண்டி, ரோட்டில் லாரி போகிற பக்கம் அதைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? வீட்டுப் பக்கம் திரும்பினதும் வேகம் கூடுமே, அப்போது இடுப்பையும் மூச்சையும் வைத்து அதை அடக்கினாயா, இல்லை வாயைப் பிடித்து இழுத்தாயா? கேன்டரில், அதாவது டிராட்டை விட வேகமான பாய்ச்சலில், போகும்போது நிறுத்து என்றால் எத்தனை அடியில் நிற்கும்? மாஸ்டரிடம் சொல்லி நீளக் கயிற்றில் வட்டமாகச் சுற்றவிடச் சொல், கடிவாளம் உன் கையில் இருக்கக் கூடாது, அங்கவடியிலிருந்து காலையும் எடுத்துவிடு, அப்படிப் பத்து நிமிஷம் டிராட் போய்ப் பார். கை எதையாவது பிடிக்கத் தேடினால், இத்தனை நாள் நீ குதிரையின் வாயைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாய் என்று அர்த்தம். தீவுத்திடல் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் "அந்தத் தாத்தாவுக்கு ஏன் கால் வைக்க இடமே இல்லை" என்று கேட்பாயே, அந்தக் காலத்து மெட்ராஸ் கவர்னர் மன்றோ குதிரை மேல் இருக்கிற சிலை. 1839இல் வைத்தது, சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. எங்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் அந்தச் சிலையைக் காட்டித்தான் சொல்வார், அப்படி உட்காரத் தெரிந்த அப்புறம் என்னிடம் வந்து சவாரி தெரியும் என்று சொல் என்று.

ஏறுவது பாதிதான். கீழே நிற்கிற வேலையும் சவாரிதான். நாலு குளம்பையும் நீயே தூக்கிச் சுத்தம் பண்ணுகிறாயா? கடிவாளம் நீயே மாட்டுகிறாயா, இல்லை பையன் மாட்டித் தயாராகக் கொண்டுவந்து நிறுத்துகிறானா? காலையில் அது கொள்ளுத் தீனியைத் தொடாமல் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் என்ன என்று உனக்குத் தெரியுமா? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்று வலி வந்தால் உயிருக்கே ஆபத்து, உடனே டாக்டருக்குப் போன் போக வேண்டும். சேணத்தைப் பிடித்திருக்கிற வயிற்று வாரை இரண்டு தடவை இழுக்கிறாயா? ஏறுமுன் ஒரு தடவை, பத்து அடி நடத்திவிட்டு இன்னொரு தடவை. வார் இறுக்கும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், நடக்க ஆரம்பித்ததும் விட்டுவிடும், வார் தளர்ந்துவிடும். இரண்டு தடவை, மறக்காதே.

நாலு வயசு ஆண் குதிரை இன்னும் எதையும் கற்றுக்கொள்ளாதது. நீயும் கற்றுக்கொண்டிருப்பவள். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துப் பயந்தால் யார் யாருக்குத் தைரியம் சொல்வது? முதல் குதிரைக்கு எட்டிலிருந்து பதினைந்து வயசு நல்லது. பெட்டை, இல்லையென்றால் காயடித்தது. ஊர்வலம், மேளம், பஸ் எல்லாம் பார்த்து அலுத்துப்போனது. அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. சந்தைக்கு வருகிறதில் மேளத்துக்கு ஆடப் பழகிய குதிரைகள் நிறைய இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும், உனக்கு வேண்டாம். பார்க்கப் போனால் சேணம் போட்டு வியர்வையோடு நிறுத்தியிருக்கும் குதிரையை ஓட்டிப் பார்க்காதே, காலையிலேயே ஓட்டிக் களைக்க வைத்திருப்பார்கள். கட்டுத்தறியிலிருந்து அவிழ்ப்பதை உன் கண்ணால் பார். முதலில் அவர்கள் ஏறி ஓட்டட்டும். இன்னொரு நாள், வேறு நேரத்தில், திரும்பப் போ. கற்றுக்கொடுக்கிறவரிடமும் கேள், ஆனால் அவருக்கு இந்த விற்பனையில் கமிஷன் இருந்தால் அவர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதே. ஸ்கூட்டர் வாங்கும்போது இதே மாதிரி எழுதினேன், நீ கேட்கவில்லை. வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போனபோதும் கேட்கவில்லை. அது நல்லதாகத்தான் முடிந்தது, ஒத்துக்கொள்கிறேன். இதை மட்டும் கேள்.

போன மாசம் உன் பள்ளியில் இருக்கிற அந்தப் பழுப்புக் குதிரையைப் பற்றி "அது சரியில்லப்பா, கிறுக்குப் பிடிச்ச குதிரை" என்றாய். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்றிலிருந்து நீ மெசேஜ் டைப் அடிப்பதும் இல்லை, எல்லாம் குரலில்தான் வருகிறது. வீடியோவில் பேசலாம் என்றால் நெட் இல்லை என்கிறாய். எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனால் குதிரை சரியில்லை என்கிற வார்த்தையை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். இதை இருபது வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

2003 மே. உனக்கு ஒன்பது வயசு, ஸ்கூல் லீவு. பீச்சில் கண்ணகி சிலையை எடுத்துவிட்டிருந்த காலம். நான் குதிரைப் பிரிவுக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. எனக்குக் கொடுத்திருந்தது லட்சுமி, பதினாலு வயசுப் பெட்டை. புதுப்பேட்டையிலிருந்து பீச் வரைக்கும் வழி அவளுக்கே தெரியும். சிக்னலில் தானே நிற்பாள், கூட்டம் வந்தால் தானே ஒதுங்குவாள். அவள் மேல் உட்கார்ந்துகொண்டு எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

காந்தி சிலைக்குப் பின்னால் கடிவாளத்தில் சிவப்புக் குஞ்சம் கட்டிய செம்பட்டைக் குதிரையோடு ஒருவர் நிற்பார். நீ அவரைக் குதிரை மாமா என்பாய். அன்றைக்கு நான் டியூட்டியில் இல்லை, லுங்கியில்தான் வந்திருந்தேன். உன்னைத் தூக்கி உட்கார வைத்தேன். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நீ "வேகமா, வேகமா" என்றாய். நான் அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினேன். "சார், இப்பதான் சாடில் போட்டேன், இன்னொரு தடவை வார் இழுக்கணும் சார்" என்றார். இதே வார்த்தை. "எனக்குத் தெரியாததா, விடுய்யா" என்றேன். கயிற்றோடு ஓடினேன். குதிரை டிராட் எடுத்தது. இருபது அடி போயிருக்காது, சேணம் இடது பக்கமாகச் சரிந்தது, உன் முகம் சரிந்து கீழே வருவதைப் பார்த்தேன். ஈர மணல், சிமெண்ட் மாதிரி கெட்டியாக இருந்தது. உன் இடது முழங்கை.

ஆஸ்பத்திரியில் அம்மாவிடம், அந்த ஆள் வாரை ஒழுங்காகக் கட்டவில்லை என்றேன். மறுநாள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போய், இனிமேல் இந்த பீச்சில் உன்னைப் பார்க்கக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். அவர் கை கூப்பி நின்றார். நான் சொன்னேனே சார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் வயசில் ஒரு பையன் அவருக்கு, வாளியை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை. வாரை இரண்டாம் தடவை ஏன் இழுக்க வேண்டும் என்று எனக்கு முழுசாகப் புரிந்த பிறகு பெசன்ட் நகர் வரைக்கும் தேடினேன். ரொம்ப லேட்.

உன் கை முழுசாக நீளாததைப் பார்க்கும்போதெல்லாம் நீ "அந்த ஆள் ஒழுங்கா கட்டல" என்பாய். நான் சும்மா இருப்பேன். குதிரைக்காரர் சொன்னதைக் கேட்கத் தெரியாத நான், தெரியும் என்று சொல்லிக்கொண்டு, ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்தேன். நேற்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, "அவகிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

கோபம் வந்தால் கோபப்படு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

குதிரை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விற்கிறவருக்குப் போன் பண்ணி, நான் எட்டு மாசம்தான் பழகியிருக்கிறேன், ஒரே குதிரை மேல்தான் ஏறியிருக்கிறேன் என்று சொல். நல்ல ஆளாக இருந்தால் அந்த வெள்ளையை உனக்குக் கொடுக்க அவரே யோசிப்பார், உனக்கு ஏற்றது வேறு ஒன்று இருந்தால் காட்டுவார். இதே குதிரைதான் என்று வற்புறுத்தினால் அவரிடம் வாங்காதே.

வரும் சனிக்கிழமை கோவை எக்ஸ்பிரஸில் வருகிறேன். டிக்கெட் போட்டாச்சு. ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டாம், நான் ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். ஞாயிறு காலை உன் பள்ளியில் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்தப் பழுப்புக் குதிரை மேல் ஏற வேண்டாம், கீழேயிருந்து வார் இழுப்பதை மட்டும் காட்டினால் போதும். அம்மா எள்ளுருண்டையும் வேப்பிலைக்கட்டியும் கொடுத்துவிடுகிறாள்.

இடது கை எப்படி இருக்கிறது என்று எழுது. டைப் அடிக்க முடியாவிட்டால் குரலிலேயே சொல்.

அப்பா