உதட்டு வீக்கமும் புது மாத்திரையும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் உன் உதட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பிரஷருக்கு எனலாப்ரில் ஆரம்பித்த மூன்றாவது வாரம் மேலுதடு ஒரு பக்கம் வீங்கியது, செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டதும் மாலைக்குள் வடிந்தது என்கிறாய். அரிப்போ உடம்பில் தடிப்போ இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியானால் அது செட்ரிசினால் வடிந்திருக்காது, தானாகவே வடிந்திருக்கும். பிராடிகைனின் என்ற பொருளை உடம்பு வழக்கமாகச் சிதைத்துவிடும். எனலாப்ரில் அந்தச் சிதைவைத் தடுக்கிறது. பிராடிகைனின் சேரச் சேர ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உதடு, நாக்கு, தொண்டை வீங்கும். இதில் சாதாரண அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளுக்குப் பங்கில்லை என்பதால் அலர்ஜி மாத்திரையும் ஸ்டீராய்டும் பெரும்பாலும் கேட்காது. வருஷக்கணக்கில் ஒத்துக்கொண்ட மாத்திரைகூட ஒருநாள் திடீரென்று இப்படிச் செய்யும்.

அடுத்த வேளை மாத்திரையைப் போடாதே. இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேள். ராமிப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடிகிற எதுவும் இனி உனக்கு ஆகாது. சீட்டிலும் அப்படியே எழுதச் சொல். சர்க்கரைக்கு வில்டாகிளிப்டின் சாப்பிடுகிறாயா? எனலாப்ரிலோடு அதுவும் சேர்ந்தால் வீக்கத்துக்கு வாய்ப்பு கூடும், அதையும் சொல்லிவிடு. நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு வீக்கம் எட்டிப் பார்க்கலாம். நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ யோசிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. வரும்வரை படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திரு.

தங்கைக்குக் கீழுதட்டில் ஒரே இடத்தில் புண் வருவது வேறு கதை. கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் போட்ட ஒவ்வொரு தடவையும் அதே இடம் எரிந்து, கொப்பளித்து, ஆறியபின் கருப்புத் தழும்பு விட்டுப்போகிறது என்றால் அந்த மருந்துதான் காரணம் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். வலி மாத்திரைகளாலும் இப்படி வரும். புண் இருக்கும்போதே போட்டோ எடுத்து வைக்கச் சொல். ஆறிய பிறகு காட்டினால் டாக்டருக்குத் தழும்பு மட்டும்தான் தெரியும்.

வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின், யூரிக் ஆசிட்டுக்குத் தரும் அலோபுரினால், கோ-ட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்துகள் இவற்றில் எதையாவது ஆரம்பித்த முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு வாய் முழுக்கப் புண், கண் சிவப்பு, தோலைத் தொட்டால் வலி என்று வந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. மருந்தை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ராத்திரியானாலும் சரி.

அம்மாவின் நாக்கில் வெள்ளை படிவது அலர்ஜியாகத் தெரியவில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலரால் வரும் பூஞ்சையாக இருக்கலாம். ஒவ்வொரு தடவை இழுத்த பிறகும் வாய் கொப்பளித்துத் துப்பட்டும். படிந்ததைப் போக்க டாக்டர் மருந்து தருவார்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது கடையில் நீயாக வாங்கிய வலி மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் எடுத்துப் போ. என்ன மாற்றிக் கொடுத்தார் என்று உடனே எழுது.

அன்புடன்,
ரகு