அந்தப் பிள்ளையின் வயிற்றுவலி

அன்புள்ள மாலதி,

உன் மகளின் திருமணம் நல்லபடியாக முடிந்ததில் மிக்க மகிழ்ச்சி. ஆனால், உன் வகுப்புப் பிள்ளையைப் பற்றி நீ எழுதியிருந்த பத்திதான் மனத்தை விட்டு அகலவில்லை. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, குடலேற்றம் என்று தட்டியும் பார்த்தாயிற்று, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை; ஆகவே பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று வீட்டார் சொல்கிறார்கள். வலி வருவதோ காலையில் அல்ல, கடைசி மணி அடிக்கும் நேரத்தில் என்கிறாய். வீட்டார் சொல்லும் காரணம் இந்த நேரத்தோடு பொருந்தவே இல்லை.

அவளுடைய வலி உண்மையானது என்பதை முதலில் நம்பு. குடலுக்கென்று தனி நரம்புப் பின்னல் உண்டு. அது மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. அடி, வசை, பாலியல் சீண்டல் என எதனாலோ நாள்தோறும் அஞ்சி வாழும் குழந்தையின் உடலில் மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் நிலைகுலைவதால், குடலின் அசைவு தாறுமாறாகலாம். சாதாரண வாயுவின் அழுத்தம்கூட வலியாக உணரப்படும் அளவுக்கு நரம்புகள் கூர்மையடையலாம். மலத்தை அடக்கி அடக்கி மலச்சிக்கலில் விழும் பிள்ளைகளும் உண்டு. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைத்தான் காட்டும், இவற்றைக் காட்டாது.

1990-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், குடல் நோய்ப் பிரிவுக்கு வந்த 206 பெண்களிடம் மருத்துவர் டிராஸ்மன் குழுவினர் விசாரித்தபோது, 44 விழுக்காட்டினர் சிறுவயதிலோ பின்னரோ வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர்; அவர்களில் 17 விழுக்காட்டினரே அதைத் தம் மருத்துவரிடம் சொல்லியிருந்தனர். வளர்ந்தவர்களே வாய் திறக்காதபோது பத்து வயதுப் பிள்ளை எப்படித் தானாகச் சொல்வாள்?

வயிற்றுவலி என்று வரும் குழந்தைகள் எல்லாரும் கொடுமைக்கு ஆளானவர்கள் அல்லர், பெரும்பாலோர் அல்லர். எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ மீண்டும் பரிசோதிக்கவே வேண்டும். எனினும் ஒருநாள் அவளைத் தனியே அமர்த்தி, "பள்ளி விட்டதும் எங்கே போவாய், யார் இருப்பார்கள்?" என்று மட்டும் கேள். பதிலை நீ எடுத்துக் கொடுக்காதே, துருவாதே, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்களிக்காதே. ஐயம் வலுத்தால், வீட்டாரிடம் பேசுவதற்கு முன்பே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்துவிடு. பாலியல் குற்றமென்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உன் கடமை.

அவள் பேசிய அன்றே எனக்குத் தொலைபேசி செய்.

அன்புடன்,
சுகந்தி