ஆறு மணிக்கு வந்த அழைப்பு

கோடிக்கரை மக்களுக்கும் பறவை பார்க்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

நேற்று ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை நடந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தோடு இதை எழுதுகிறேன். அன்று மாலை படமெடுக்கப் போன இடத்தில் சதுப்புச் சேற்றில் சிக்கிக் காலில் அடிபட்டது உங்களுக்குத் தெரிந்ததுதான். திரும்பச் சொல்லவில்லை.

சேற்றிலிருந்து என்னைத் தூக்கிக் கரை சேர்த்த உப்பளத் தொழிலாளர்கள், வேதாரண்யம் வரை வண்டியை விரட்டிய தம்பி, ரத்தம் கொடுத்தவர்கள், கேமராவைத் துடைத்து வீடு வரை கொண்டுவந்து கொடுத்தவர்கள், நான் பார்க்காமல் விட்ட பூநாரைக் கூட்டத்தைப் படமெடுத்து அனுப்பிய நண்பர்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

ஆனால் காட்டோரம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன், காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுகிற ஆறுமணிக் குருவியின் படத்தை அவருக்கு கேமராவில் காட்டினேன். பச்சை முதுகு, தோளில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு. “சின்ன வயசுலேருந்து குரலைக் கேக்குறேன் சார், இப்பதான் முகத்தைப் பாக்குறேன்” என்றார். சருகைக் கிளறிப் புழு தேடும் பறவை, லேசில் கண்ணில் படாது. அதோடு நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. “பேசாதீங்க சார், சும்மா கேளுங்க” என்றார். காற்று. தூரத்தில் ஒரு பைக். யாரோ கிளாஸ் கழுவும் சத்தம். அப்புறம் அந்த இரட்டைச் சீழ்க்கை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. கண்ணை மூடினேன், பாலை மரத்து நிழலும் சருகு வாசமும் கட்டில்வரை வந்துவிட்டன. பக்கத்துக் கட்டில் பெரியவர் “ரொம்ப வலிக்குதா தம்பி?” என்று கேட்கும் அளவுக்கு அழுதிருக்கிறேன்.

அதன்பிறகு, வியாபாரம் சூடுபிடிக்கும் அந்த நேரத்தில், வாரத்துக்கு நாலைந்து நாள் அழைத்தார். குருவி கூப்பிடாவிட்டால், “இன்னைக்குக் காத்து ஜாஸ்தி, நாளைக்குப் பாப்போம்” என்பார்.

14 வருஷமாகப் படமெடுக்கிறேன். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு நம் பக்கம் வருகிற அந்தச் சின்ன உயிர் பக்கத்தில் கூப்பிடும்போதெல்லாம், வெளிச்சம் போதுமா, கேமராவின் ஒளியுணர்வை (ஐஎஸ்ஓ) ஏற்றலாமா என்பதிலேயே என் புத்தி இருந்திருக்கிறது. வரும் ஐப்பசியில் முதல் நாள் கேமராப் பையைத் திறக்க மாட்டேன். அண்ணன் கடை பெஞ்சில் உட்கார்ந்து காதால் மட்டும் கேட்பேன். அன்று அவருக்குக் காட்டிய குருவிப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டாயிற்று. அது அவர் கடைச் சுவருக்கு.

நேற்றும் அழைத்தார். “நாலு நாளா சத்தமே இல்ல சார், ஊருக்குக் கெளம்பிடுச்சு போல.”

நான் வாசல்வரை நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப சரி. ஐப்பசில ரெண்டு பேரும் வந்துடுங்க.”