திருவல்லிக்கேணிக்கு யாரும் நேத்து வரல

ஆசிரியருக்கு வணக்கம். திருவல்லிக்கேணி மாறிட்டு வர்றத பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா முஸ்லிம்கள் ஏதோ இப்பதான் வந்து குடியேறுன மாதிரி ஒரு தொனி தெரிஞ்சது மனசுக்கு கஷ்டமா போச்சு. ஆற்காடு நவாப் சேப்பாக்கத்துல அரண்மனை கட்டுனது 1768ல, வாலாஜா பெரிய மசூதி 1795ல வந்தது, முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத்த அடக்கம் பண்ணதும் அந்த வளாகத்துலதான். பார்த்தசாரதி கோயில் அதுக்கும் பல நூறு வருஷம் முந்தி, ரெண்டுக்கும் நடந்தே போயிடலாம்.

ரம்ஜான் மாசத்துல ஒரு சாயங்காலம் அந்த மசூதிக்கு உங்க நிருபர அனுப்புங்க சார். அங்க நோன்பு திறக்க சாப்பாடு சமைச்சு கொண்டுவந்து பரிமாறுறது மயிலாப்பூர் சூஃபிதார் கோயில் தொண்டர்கள், பிரிவினைல சிந்துல இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த இந்துக்கள் ஆரம்பிச்ச இடம் அது, பல வருஷமா விடாம பண்றாங்க.

இப்ப மேன்ஷன்கள்ல வட மாநில பசங்க, வேலை தேடி வர்ற பசங்கன்னு புதுசா எத்தனையோ பேர் வர்றாங்க, அது ஊருக்கு நல்லதுதான். எனக்கு கவலையா இருக்குறது வாடகை விஷயம். என் பக்கத்து வீட்டு அக்கா பையன் வேற ஏரியால வீடு தேடி அலையுறான், போன்ல நல்லா பேசுறவங்க பேர கேட்டதும் வீடு போயிடுச்சுங்கறாங்க. இத பத்தி தயவுசெஞ்சு எழுதுங்க.

– ஒரு வாசகி, சென்னை-5