புது மண்ணைப் பார்க்கப் போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

அலாஸ்காவின் க்ளேசியர் பே வளைகுடாவுக்குப் போகும் குழுவில் உன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா கரடியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் நீ அனுப்பிய கட்டுரைகளை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். மண் பரிசோதனை நிலையத்தில் இருந்த காலம் முழுக்க என் மேஜைக்கு வந்ததெல்லாம் வயதான மண். தலைமுறை தலைமுறையாக உழுதது, வெயிலிலும் மழையிலும் கரைந்து மாறியது. பத்து வருஷ வயதுள்ள மண்ணை நான் கையில் எடுத்ததே இல்லை. நீ எடுக்கப்போகிறாய். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் கணக்கை மனதில் வாங்கிக்கொள். 1794-இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் வான்கூவரின் ஆட்கள் படகில் அந்தப் பக்கம் வந்தபோது வளைகுடா என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வாசலிலேயே பனிச்சுவர். 1879-இல் இயற்கை ஆர்வலர் ஜான் ம்யூர் போனபோது பனி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போயிருந்தது. இப்போது வாசலிலிருந்து உள்கோடி வரை நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் கடல். நீ படகில் உள்ளே போகப்போக, கரையில் உள்ள நிலத்தின் வயது இருநூறு வருஷத்துக்கு மேலிருந்து பூஜ்யத்தை நோக்கிக் குறைந்துகொண்டே வரும். மண் படிக்கிறவர்கள் அங்கே போக ஆசைப்படுவது இதனால்தான்.

அதற்காக அது யாருமே இல்லாத நிலம் என்று நினைத்துவிடாதே. அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹூனா டிலிங்கிட் மக்கள் அங்கே ஊர் கட்டி, மீன் பிடித்து வாழ்ந்திருந்தார்கள். 1700-களின் நடுவில் பனியாறு முன்னேறி வந்து அவர்களை வெளியே தள்ளியது. அவர்கள் சொல்லிவரும் கதைகளில் அந்த இடப்பெயர்வு இன்றும் இருக்கிறது. பனி வருவதற்கு முன் காடும் இருந்தது. புதைந்த பழைய மரங்களின் அடிக்கட்டைகள் சில இடங்களில் வேரோடு நின்றபடியே இப்போது வெளியே வருகின்றன. மண் வேலைக்கும் இது முக்கியம். குழி தோண்டும்போது கீழே கறுப்பாக ஒரு அடுக்கு தட்டுப்பட்டால், அது மேலே புதிதாக உருவான மண்ணா, பனிக்கு முந்தைய மண்ணின் மிச்சமா என்று பார்த்துவிட்டுத்தான் குறிப்பில் எழுத வேண்டும்.

பனி விலகிய இடத்தில் முதலில் இருப்பதை மண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெரிய கல், சரளை, மணல், அதோடு பனியாறு பாறையை அரைத்து அரைத்து உண்டாக்கிய மாவுப் பொடி. எல்லாம் தரம் பிரியாமல் கலந்து கிடக்கும். பொடியை ஈரத்தோடு விரலில் தேய்த்துப் பார். வழவழவென்று இருக்கும், ஆனால் களிமண்ணைப் போல உருட்டித் திரிக்க வராது. நொறுங்கிய பாறைதானே, களியாக மாற இன்னும் காலம் இருக்கிறது. சாம்பல் சத்து (பொட்டாசியம்) இருக்கும், சுண்ணாம்பு இருக்கும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பாறைத் துகளுக்குள் பூட்டி இருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் அநேகமாக இல்லவே இல்லை, ஏனென்றால் பாறையில் அது கிடையாது. காற்றிலிருந்து யாராவது பிடித்து இறக்கினால்தான் உண்டு.

அதை இறக்குகிறவர்களைப் பார்க்கக் கட்டாயம் மண்டி போடு. பனி விலகிச் சில வருஷம் ஆன இடங்களில் தரையின் மேல் கறுப்பாக ஒரு மெல்லிய பொருக்கு இருக்கும். பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால் இழை இழையாகத் தெரியும். நீலப்பச்சைப்பாசி. நெல் வயலுக்கு உயிர் உரமாக நாம் போடச் சொல்வோமே, அந்த வகைதான். துகள்களை ஒட்டவைப்பது, ஈரத்தைப் பிடிப்பது, கொஞ்சம் தழைச்சத்து சேர்ப்பது, மூன்றையும் அதுவே செய்கிறது. தெரியாமல் மிதித்துவிடாதே, கண்ணு. ஒரு பூட்ஸ் தடம் பல வருஷ வேலையைக் கெடுத்துவிடும். வடதுருவப் பக்கம் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் பனியாற்றின் முன்னால் ஆராய்ந்தவர்கள், செடி வருவதற்கு முன்பே சிலந்திகள் வந்துவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். காற்று கொண்டுவந்து போடும் பூச்சிகளே அவற்றுக்குச் சாப்பாடு. நாம் நினைக்கிற வரிசையில் உயிர் வருவதில்லை. இதை ஞாபகம் வை, பின்னால் திரும்ப வருகிறேன்.

அப்புறம் ட்ரையாஸ் என்ற செடி. தரையோடு பாய் விரித்தது போல் படர்ந்து, விதை முற்றும்போது இறகுத் தலையோடு நிற்கும். அதற்கும் மேலே ஆல்டர் புதர். உன்னை நான் ரொம்ப நேரம் நிறுத்திவைக்க நினைப்பது இந்த ஆல்டரிடம்தான். ஓரத்தில் கழுவப்பட்டுத் தொங்கும் வேர் ஒன்று கட்டாயம் கிடைக்கும். அதில் கொத்துக்கொத்தாக, பழுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் முடிச்சுகள் இருக்கும். உள்ளே ஃப்ராங்கியா என்ற பாக்டீரியா. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது அதுதான். உளுந்து வேரில் இருக்கும் ரைசோபியம் வேறு, இது வேறு. ஆனால் உனக்கு இது புதிதில்லை. கடலோர மணலில் சவுக்கு எப்படி உரமே இல்லாமல் வளர்கிறது என்று நீ சின்ன வயதில் கேட்டாயே, அங்கே வேலை செய்வதும் ஃப்ராங்கியாதான். வெறும் மணல், வெறும் பாறைப்பொடி, இரண்டு இடத்திலும் மரத்தைக் காப்பாற்றுவது ஒரே பேரினம்.

ஆல்டர் செய்யும் இன்னொரு வேலை தழைச்சத்தைவிட எனக்கு ஆச்சரியம். 1955-இல் க்ராக்கர், மேஜர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே எடுத்து வெளியிட்ட அளவீடுகளைப் பார். புது நிலத்தின் பி.ஹெச். (அமிலமா காரமா என்று சொல்லும் எண், 7-க்குக் கீழே போனால் அமிலம்) 8-ஐ ஒட்டி இருக்கிறது. ஆல்டருக்கு அடியில் ஐம்பது வருஷத்துக்குள்ளேயே மேல்மண் 5-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. எட்டிலிருந்து ஐந்து! பி.ஹெச். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால், அமிலத்தன்மையில் இது ஆயிரம் மடங்கு மாற்றம். ஒரு மனித ஆயுளுக்குள் இது நடக்கிறது. உதிரும் இலை, அது மக்கும்போது வரும் அமிலம், தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும்போது வரும் அமிலம், அந்தப் பகுதியின் ஓயாத மழை எல்லாம் சேர்ந்து சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகின்றன. பனி விலகிய அதே வயதில் செடி இல்லாமல் கிடக்கும் நிலத்தில் பி.ஹெச். இவ்வளவு இறங்குவதில்லை.

இதை நீ கண்ணாலேயே பார்க்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்ட சின்னச் சொட்டுக் குப்பி குழுவில் இருக்கும். சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் அது நுரைக்கும். புது நிலத்தில் ஒரு சொட்டு விட்டால் மேலேயே சுர்ரென்று நுரைக்கும். ஆல்டருக்கு அடியில் குழி வெட்டி, சுவரில் மேலிருந்து கீழாகச் சொட்டு விட்டுக்கொண்டே வா. மேலே சத்தமே இருக்காது. ஒரு ஆழத்தில் சட்டென்று நுரை தொடங்கும். அந்த ஆழத்தை ஸ்கேலில் அளந்து எழுதிக்கொள். மழையும் வேரும் சேர்ந்து எவ்வளவு தூரம் இறங்கியிருக்கின்றன என்பது அந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

ஆல்டருக்குப் பின் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு. பாசி மெத்தை, ஊசியிலைக் குப்பை, அதன் கீழ் கரிமம் சேர்ந்த அடுக்கு. மண்ணில் சேர்ந்த தழைச்சத்தில் ஒரு பங்கு மரத்துக்குள் போய்விடும். அதனால் மண் மாதிரியில் அளவு குறைந்தால் பதறாதே.

பொருக்கு, ட்ரையாஸ், ஆல்டர், ஸ்ப்ரூஸ். வரிசையாகச் சொன்னால் அழகாக இருக்கிறது இல்லையா? பாடப்புத்தகத்தில் படமாகவே போட்டிருப்பார்கள். நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே இந்தப் படத்தைப் பற்றி உன்னிடம் சொல்லத்தான். படகில் நூறு கிலோமீட்டர் போவதும் காலத்தில் இருநூறு வருஷம் போவதும் ஒன்றில்லை.

1990-களில் ஃபாஸ்டி என்ற ஆய்வாளர் அங்கே பத்து இடங்களில் மர வளையங்களை எண்ணிப் பார்த்தார். வாசல் பக்கம் உள்ள பழைய காடுகள் அடர்ந்த ஆல்டர் கட்டத்தைத் தாண்டி வந்தவை இல்லை என்று தெரிந்தது. அங்கே ஸ்ப்ரூஸ் சீக்கிரமே நெருக்கமாக வந்துவிட்டது. விதை தரும் பழைய காடு பக்கத்தில் இருந்தது ஒரு காரணம். உள்ளே போகப்போக விதை எட்டாமல் ஆல்டர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் உள்ளே இன்று ஆல்டர் நிற்கும் இடம் நூறு வருஷம் கழித்து வாசல் பக்கத்துக் காட்டைப்போல் ஆகும் என்று எப்படிச் சொல்வது? ஆல்டர் சேர்த்த தழைச்சத்து ஸ்ப்ரூஸை வளர்க்கிறது என்பது சரி. அதே ஆல்டர் நிழலாலும் இலைக்குப்பையாலும் ஸ்ப்ரூஸ் விதை முளைப்பதைத் தடுக்கவும் செய்கிறது என்று சேப்பினும் உடன் வேலை செய்தவர்களும் 1994-இல் காட்டினார்கள்.

இதனால்தான் எனக்கு வில்லியம் கூப்பர் மேல் அவ்வளவு மரியாதை. மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரர், தாவர ஆய்வாளர். 1916-இல் அங்கே போய், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டங்களைக் குறித்துவைத்து, உள்ளே இருந்த ஒவ்வொரு செடியையும் வரைந்தார். இடத்தை இடத்தோடு ஒப்பிடாமல், அதே ஒரு சதுர மீட்டருக்குத் திரும்பத் திரும்பப் போனார். அந்தப் பகுதி 1925-இல் பாதுகாக்கப்பட்டதில் அவர் பங்கு பெரியது. அவருக்குப் பின் அவர் மாணவர் லாரன்ஸ் தொடர்ந்தார். பிறகு கட்டங்கள் காணாமல் போய், 2016-இல் ப்ரையன் பியூமா என்பவர் பழைய குறிப்புகளை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார். நூறு வருஷம் ஆகியும் முதலில் வந்து இடம் பிடித்த வில்லோ புதர்களே பல கட்டங்களில் ஆள்கின்றன. யார் முதலில் வந்தார்கள் என்பது அவ்வளவு நாள் நிற்கிறது, மா. மண்ணை உண்டாக்கும் காரணிகள் என்று ஹான்ஸ் ஜென்னி 1941-இல் ஐந்தைச் சொன்னார்: தட்பவெப்பம், உயிர்கள், நில அமைப்பு, தாய்ப்பாறை, காலம். காலம் ஐந்தில் ஒன்றுதான். அது தானாக எதையும் செய்வதில்லை, மற்ற நான்கும் வேலை செய்ய இடம் கொடுக்கிறது.

மண் வயதாக ஆக வளமாகிக்கொண்டே போகும் என்றும் நினைக்காதே. அலாஸ்காவின் அந்தக் கரையோரத்திலேயே லிட்டுயா பே பக்கம் சில மேடுகளில், காட்டுக்கு அடியில் இரும்பு இறங்கி இறுகி, தண்ணீர் இறங்க வழியில்லாமல் காடே சதுப்பாக மாறியிருக்கிறது. நியூசிலாந்தின் ஃப்ரான்ஸ் ஜோசப் பனியாற்றுப் பகுதியில் சில வருஷ வயதிலிருந்து 1,20,000 வருஷ வயது வரை நிலங்கள் உண்டு. அங்கே முதலில் தழைச்சத்துப் பஞ்சம், பிறகு செழிப்பான காடு, கடைசியில் மணிச்சத்துப் பஞ்சத்தில் குட்டையாகிப்போன மரங்கள். பாறையிலிருந்து வந்த மணிச்சத்தில் ஒரு பகுதி மழையோடு போகிறது, மிச்சத்தின் பெரும்பகுதியை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. நீலகிரியின் அமில மண் மாதிரிகளில் நான் பார்த்த தொல்லையும் இதேதான். தழைச்சத்தைக் காற்றிலிருந்து மறுபடி பிடிக்கலாம். மணிச்சத்துக்கு அந்த வழி இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். மாதிரி எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்தின் கதையைத் தனியாக எழுது: எப்போது பனி விலகியது, தாய்ப்பாறையில் சுண்ணாம்பு உண்டா, சரிவு எந்தப் பக்கம், விதை தரும் காடு எவ்வளவு தூரம், முதலில் எந்தச் செடி வந்ததற்கான அடையாளம் இருக்கிறது. பக்கத்துக் குழியைப் பார்த்து இந்தக் குழியை நிரப்பாதே. மண்ணின் அடர்த்தியை அளக்க உருளையை அழுத்தும்போது சரளை தடுக்கும். அவசரப்பட்டு அடித்து இறக்காதே, அடர்த்தி தப்பினால் ஒரு ஹெக்டேருக்குப் போடும் கணக்கெல்லாம் தப்பும். தேசியப் பூங்காவின் அனுமதியில் எத்தனை மாதிரி என்று இருக்கிறதோ அதற்கு மேல் ஒரு கரண்டி மண்கூட எடுக்காதே.

ஆல்டர் புதருக்குள் போகும்போது பேசிக்கொண்டே போங்கள், தனியாகப் போகாதே. அப்பாவுக்காக இதையும் எழுதுகிறேன், எனக்காகவும்தான்.

திரும்பி வந்ததும் அந்த நுரை தொடங்கும் ஆழங்களை எனக்கு அனுப்பு. இடத்தின் பெயர், பனி விலகிய வருஷம், ஆழம், மேலே என்ன செடி. அட்டவணையில் இந்த நான்கு பத்தி போதும். இங்கே உட்கார்ந்து நானும் வரைபடம் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா