கடவம் சுமந்த அம்மாக்களுக்கு

குளச்சல் கரையில் மீன் ஏலம் எடுத்து, கடவம் என்ற கூடையில் தலைச்சுமையாக விற்கப் போகும் அம்மாக்களுக்கும், எங்கள் தேவாலயப் பங்கு மக்களுக்கும், என் ஆசிரியர்களுக்கும், டிராம்சோவில் எனக்குச் சோறு போட்ட குடும்பத்துக்கும் இந்த மடல். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. சில வீடுகளுக்கு வந்தும் பார்த்தேன். "இதற்கெல்லாம் நன்றியா, முதலில் உட்கார்ந்து சாப்பிடு" என்று சொல்லி என்னைப் பேசவே விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மீன்வள முதுகலைப் படிப்பில் ஒரு பருவத்தை மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் நார்வேயின் டிராம்சோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஜூன் கடைசியில் திரும்பி வந்தேன். அங்கே இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. உதவித்தொகை நார்வே போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். விசா, விமான டிக்கெட், குளிர் உடுப்பு எல்லாவற்றுக்கும் முன்பணம் வேண்டும். கடன் கேட்டுப் போன ஒரு வங்கியில் நான்கு முறை அலைந்தேன். ஈடு வைக்க நிலம் இல்லை என்பதோடு அது முடிந்தது.

அம்மா இதை ஏலக் கரையில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். மறுவாரம் அன்பியக் கூட்டம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம்) முடிந்து வரும்போது அவருடைய மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பத்தும் இருபதும் நூறுமாக ஈரமான நோட்டுகள். பாயை விரித்து, மின்விசிறியைப் போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினோம். ஒரு ஐம்பது ரூபாய் நோட்டில் சாளை மீனின் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் தாள் கிழியும் போல இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். அன்றிரவு எண்ணி முடித்தபோது 38,450 ரூபாய். பிறகும் வந்துகொண்டே இருந்தது. விடியற்காலை எழுந்து, வெயிலில் நடந்து, பஸ்ஸில் மீன் வாடை என்று முகம் சுளிப்பவர்களுக்கு நடுவில் ஓரமாக ஒதுங்கி நின்று சம்பாதித்த காசு அது.

அப்பா அப்போது ஆழ்கடலில் இருந்தார். அவர் போன போட்டு, அதாவது விசைப்படகு, கொச்சிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு விவரமே தெரிந்தது. தனியாக அவ்வளவு தூரமா என்று தயங்கினார். அவரைச் சம்மதிக்க வைத்தவர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். 1953இல் நார்வேக்காரர்கள் கொல்லத்துக்குப் பக்கம் நீண்டகரையில் வந்து தங்கி, விசைப்படகு, ஐஸ் ஆலை, மருத்துவ நிலையம் என்று திட்டம் தொடங்கியதை அவர் நினைவுபடுத்தினார். 1956க்கு முன்பு நம் பகுதியும் நீண்டகரையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் அல்லவா? "அவர்கள் நம் கடலைப் பார்க்க வந்தார்கள், நம் பிள்ளை அவர்கள் கடலைப் பார்த்துவிட்டு வரட்டும்" என்றார். தாத்தா, அந்த ஒரு வார்த்தைக்கு உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன்.

விண்ணப்பத்தை வரி வரியாகத் திருத்திக் கொடுத்த பேராசிரியர், சான்றிதழ்களில் கையெழுத்து வாங்க என்னோடு கூடவே அலைந்த அலுவலக அண்ணன், திருவனந்தபுரம் விமான நிலையம் வரை வாடகை வாங்காமல் கொண்டுவிட்ட கார்க்கார மாமா, பெட்டியில் நேந்திரங்காய் சிப்ஸும் சம்மந்திப் பொடியும் திணித்து அனுப்பிய பக்கத்து வீட்டு மாமி, எல்லோருக்கும் நன்றி.

ஜனவரி முதல் வாரம் டிராம்சோவில் இறங்கினேன். அந்த ஊரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலிலும் வெளிறிய நீல வெளிச்சம்தான். தினமும் கடலில் மறையும் சூரியனைப் பார்த்து வளர்ந்தவள் நான். முதல் பத்து நாள் இரவும் பகலும் குழம்பி அழுதேன். அப்போது என்னைத் தேடி வந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா. எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்து வடக்கு நார்வேயின் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த தமிழர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். பனியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டையை அவரே குனிந்து என் காலில் மாட்டிவிட்டார். ஞாயிறுதோறும் "வாங்கோ பிள்ளை" என்று கூப்பிட்டுச் சோறும் மீன்குழம்பும் போட்டார். ஜனவரி 21 அன்று சூரியன் திரும்பி வருவதை அந்த ஊரே கொண்டாடுகிறது. ஜாம் வைத்த பன் ஒன்றை என் கையில் கொடுத்து, மலைமுகட்டில் தெரிந்த மெல்லிய வெளிச்சத்தைக் காட்டினார். அக்கா, அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

மார்ச்சில் எங்கள் வகுப்பை லொஃபோட்டன் தீவுகளுக்கு அழைத்துப் போனார்கள். முட்டையிடுவதற்காக பேரண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும் காலம் அது. தலையை வெட்டி, குடலை எடுத்து, இரண்டிரண்டு மீனாக வாலில் கட்டி, மரச் சட்டங்களில் ஆயிரக்கணக்கில் காயத் தொங்கவிட்டிருந்தார்கள். படகுத்துறையில் பள்ளிப் பிள்ளைகள் வெட்டிய தலைகளிலிருந்து நாக்கை அறுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். விற்ற காசு அந்தப் பிள்ளைகளுக்கே. கை முழுக்க மீன் நீரோடு நின்ற ஒரு சிறுமி என் முகத்தை நேராகப் பார்த்துத் தன் கத்தியைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு அம்மாவை நினைத்துத் தொண்டை அடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் அம்மா கடவத்தோடு பள்ளி வாசலைக் கடந்தபோது நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அம்மாவுக்கு அது தெரியும். இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்மா, அதற்கு நான் மன்னிப்புத்தான் கேட்க வேண்டும். அதை ஊரறியவே கேட்கிறேன்.

போன வாரம் அன்பியக் கூட்டத்தில், லொஃபோட்டனில் மீன் காயவைத்திருந்த படங்களைச் செல்போனில் காட்டினேன். எல்லா அம்மாக்களும் ஒரே குரலில் கேட்ட கேள்வி: "உப்பு எவ்வளவு போடுகிறார்கள்?" உப்பே கிடையாது, பிப்ரவரியிலிருந்து மே வரை குளிர்காற்றிலேயே காய்கிறது என்றேன். யாரும் நம்பவில்லை. ஈ மொய்க்காதா என்றார் ஒருவர். அந்தக் குளிரில் ஈ வராது என்றேன். நம் கருவாட்டையும் ஈ அண்டாமல், மண் படாமல் உலர்த்த என்ன செய்யலாம் என்று அரை மணி நேரம் பேசினோம். நான் ஆறு மாதம் படித்ததில் பாதியை நீங்கள் அங்கேயே கேள்வியாகக் கேட்டுவிட்டீர்கள். என் ஆய்வும் இனி அதைப் பற்றித்தான். உங்களோடு சேர்ந்துதான் செய்யப் போகிறேன்.

இப்போது நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஜூலை 31 வரை போட்டுகள் கடலுக்குப் போகா. வீடுகளில் கை நெருக்கடி. அதனால் உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தை இந்த வாரமே கொண்டு வருகிறேன். வாங்க மாட்டோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அம்மா எழுதி வைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் மூன்று இடங்களில் தொகை மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டீர்களாம். அந்த மூன்று பேரும் தயவுசெய்து ஒரு முறை வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை,
குளச்சல்